முதல் பத்து வாடிக்கையாளர்கள்: நேரில் போய்ப் பிடிப்பதா, இணையத்தில் தேடுவதா?

பவர்டேபிள்_தம்பி:
வணக்கம். திருப்பூரில் நானும் நண்பனும் சேர்ந்து பவர் டேபிள் யூனிட்களுக்கு, அதாவது கம்பெனிகளுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் சின்னத் தையல் கூடங்களுக்கு, ஒரு செயலி செய்திருக்கிறோம். எத்தனை பீஸ் வந்தது, தைத்து எத்தனை போனது, டெய்லருக்குப் பீஸ் ரேட் கூலி எவ்வளவு என்று போனிலேயே பதியலாம். சனிக்கிழமை சம்பளக் கணக்கும் வந்துவிடும். நான்கு மாதத்தில் இணைய விளம்பரத்துக்கு 40 ஆயிரம் ரூபாய் போனது. 300 பேர் செயலியைப் போனில் இறக்கினார்கள். இன்று பயன்படுத்துவது இரண்டே பேர், அதில் ஒருவர் என் மாமா. இன்னும் விளம்பரம் போடவா, தெருத்தெருவாகப் போகவா?

கொங்குக்கணினி:
விளம்பரத்தை இன்றே நிறுத்துங்கள். வீட்டை நாள் வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி தளத்தின் நிறுவனர்கள் 2009இல் நியூயார்க் போய், வீடு வாடகைக்கு விட்டவர்களின் கதவைத் தட்டி, அவர்கள் வீட்டை நல்ல படமாக எடுத்துக் கொடுத்தார்கள். இணையத்தில் பணம் வாங்க உதவும் ஸ்ட்ரைப் நிறுவனத்தைத் தொடங்கிய காலிசன் சகோதரர்கள், ஒருவர் "பார்க்கலாம்" என்று சொன்னதுமே அவருடைய லேப்டாப்பைக் கையில் வாங்கி அங்கேயே ஸ்ட்ரைபை அமைத்துக் கொடுத்தார்கள். லிங்க் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தால் யாரும் தொட மாட்டார்கள்.

சென்னை_சாஸ்:
எனக்கு இதில் உடன்பாடில்லை. வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் மென்பொருளான ஃப்ரெஷ்டெஸ்க் 2010இல் சென்னையில் தொடங்கியது. அதன் முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு பள்ளி. விமானம் ஏறிப் போயா விற்றார்கள்? கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் டிராப்பாக்ஸ் 2008இல் ஒரு செயல்விளக்க வீடியோ போட்டது. காத்திருப்போர் பட்டியல் ஒரே இரவில் 5,000இலிருந்து 75,000 ஆனது. நடந்து நடந்து பத்து பேரைப் பிடித்தால் பத்து பேரும் பத்து விதமாகக் கேட்பார்கள். எல்லோருக்கும் தலையாட்டினால் கடைசியில் நீங்களும் அடுத்தவர் சொன்னதைச் செய்து கூலி வாங்கும் ஜாப் ஒர்க்தான் செய்துகொண்டிருப்பீர்கள்.

கொங்குக்கணினி:
அந்தப் பள்ளி ஏற்கெனவே இப்படி ஒரு மென்பொருளைத் தேடிக்கொண்டிருந்திருக்கும். கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவரை இணையத்தில் பிடிக்கலாம். பவர் டேபிள் ஓனர் எதையும் தேடவில்லை. அவருக்கு நோட்டுப் புத்தகம் போதும், உங்களுக்குப் போட்டியே அதுதான்.

இதேபோல் ஒன்றை நானும் செய்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு யூனிட்டில் போய் உட்கார்ந்தேன். ஓனரின் நோட்டில் 212 பீஸ், டெய்லரின் பாக்கெட் நோட்டில் 224. அந்த 12 பீஸும் ஆல்டருக்கு, அதாவது தையல் குறையைச் சரிசெய்ய, திரும்பி வந்தவை. அதற்குக் கூலி உண்டா இல்லையா என்று அரை மணி நேரம் பேச்சு. எங்கள் திரையில் ஆல்டருக்கு ஒரு கட்டமே இல்லை! அதைச் சேர்த்த பிறகுதான் அந்த ஓனர் பணம் கட்டினார். விளம்பரம் போட்டு இதைத் தெரிந்துகொண்டிருக்க முடியுமா?

பதினாலு_மெஷின்:
நான் யூனிட் நடத்துகிறவள், ஓனர் பக்கத்தைச் சொல்கிறேன். செயலி பிடிக்காமல் நாங்கள் ஒதுங்கவில்லை, பயத்தில் ஒதுங்குகிறோம். என் ரேட் பக்கத்து யூனிட்டுக்குத் தெரிந்துவிடுமோ, வேலை கொடுக்கும் கம்பெனிக்குப் போய்விடுமோ என்று இருக்கும். இலவசம் என்றால் அந்தச் சந்தேகம் இன்னும் கூடும். மாதம் 300 ரூபாய் கேளுங்கள், கொடுப்போம். அப்புறம், புதிதாக எது வந்தாலும் மெஷின் மெக்கானிக் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவர் ஒருவரே வாரத்துக்கு முப்பது யூனிட் ஏறி இறங்குவார்.

சென்னை_சாஸ்:
மெக்கானிக் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. சரி, இந்தத் தொழிலுக்கு நேரில் போவதுதான் வழி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு விஷயத்தில் விடமாட்டேன். ஒருவர் கேட்டார் என்று எதையும் சேர்க்காதீர்கள். மூன்று யூனிட்டில் அதையே கேட்டால் சேருங்கள். அப்புறம், முதல் பத்து பேரிடம் பணம் வாங்காதீர்கள். அவர்கள் நேரத்தையே கொடுக்கிறார்கள்.

கொங்குக்கணினி:
அங்கேதான் தப்பு. காசு கொடுத்தவர்தான் திட்டுவார். சும்மா வாங்கியவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நோட்டுக்கே திரும்பிவிடுவார். அந்த 300 பேரில் ஒருவராவது போன் செய்து குறை சொன்னாரா?

பவர்டேபிள்_தம்பி:
ஒருவரும் இல்லை அண்ணா. மாமா மட்டும்தான் திட்டுகிறார். அவரிடம் இந்த மாதத்திலிருந்து 300 ரூபாய் கேட்கப் போகிறேன். அக்கா, நாளை சனிக்கிழமை. உங்கள் யூனிட்டுக்கு வரலாமா?

பதினாலு_மெஷின்:
வாங்க தம்பி. ஆறு மணிக்குச் சம்பளம் போடத் தொடங்குவோம். முதல் நாள் போனை எடுக்க வேண்டாம், என் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டை மட்டும் பாருங்க. மெக்கானிக்கையும் வரச் சொல்கிறேன்.