மிஞ்சிய காய்கறியைக் கொடுக்கப் போய், மனதை விட்டு அகலாத ஒரு சந்திப்பு: உங்கள் அனுபவங்கள்

பந்தல்:
வெண்டை ஒரே மூச்சில் காய்த்துத் தள்ளும் வாரங்கள் எப்படியிருக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கூட்டுத் தோட்டத்தில் மிஞ்சுவதைக் கூடைகளில் பிரித்து, வருமானம் நின்றுபோன குடும்பங்களுக்கு வாரம் ஒருமுறை கொண்டுபோய்க் கொடுப்போம். அன்று என் முறை. கதவைத் திறந்த தாய் கூடையை வாங்கித் தரையில் வைத்ததும், ஏழெட்டு வயதிருக்கும் அவருடைய மகள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு வெண்டைக்காயை எடுத்து நுனியை ஒடித்துப் பார்த்தாள். அது ஒடியவில்லை, நார் தெரிய மடங்கிக்கொண்டு அப்படியே நின்றது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் மடங்கியது. மூன்றாவதற்குக் கை நீட்டியபோது தாய் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து அமர்த்திவிட்டு, என்னைப் பார்த்து, "ரொம்ப நன்றிங்க, காய் நல்லா இருக்கு" என்றார். பூத்த நான்கிலிருந்து ஆறு நாட்களுக்குள் பறிக்காவிட்டால் வெண்டை முற்றிவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தச் சிறு விரல்கள் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன.

நாற்றங்கால்:
பந்தல் அவர்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒரு மஞ்சள் பூசணி நினைவுக்கு வந்தது. 8 கிலோ இருக்கும். காம்போடு அறுத்து, பத்து நாள் உலரவைத்துத் தோலை இறுகச் செய்திருந்தேன். அடிபடாத முழுப் பூசணி ஈரமில்லாத, காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று மாதம்கூடக் கெடாமல் இருக்கும் என்பதால், குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான காய் வேறில்லை என்று கணக்குப் போட்டுத்தான் எடுத்துப் போனேன். ஒற்றை அறையில் மனைவியோடும் இரண்டு கைக்குழந்தைகளோடும் இருந்த ஒருவர் அதை இரு கைகளாலும் அணைத்து வாங்கிக்கொண்டு, நான் திரும்பும் நேரத்தில் தணிந்த குரலில், "இதை வெட்டிக் கொடுக்க முடியுங்களா?" என்று கேட்டார். அந்த வீட்டில் இருந்தது வெங்காயம் நறுக்கும் சின்னக் கத்தி ஒன்றுதான். வெட்டிவிட்டால் ஓரிரு நாளில் தீர்த்தாக வேண்டும், அவர்கள் அடுப்போ ஒற்றை அடுப்பு. நான் வண்டியிலிருந்த அரிவாளை எடுத்து வந்து பிளந்தேன். அவர் ஒரு கால் பாகத்தை உள்ளே வைத்துவிட்டு, மீதத் துண்டுகளை எடுத்துக்கொண்டு அதே நடையில் இருந்த மூன்று கதவுகளைத் தட்டினார். மூன்றும் திறந்தன, மூன்றிலும் உடனே வாங்கிக்கொண்டார்கள். நான்கு மாதமாக அந்த மூன்று கதவுகளையும் தாண்டித்தான் நான் அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

மண்வெட்டி:
உங்கள் இருவர் மீதும் மரியாதை உண்டு. ஆனாலும் பந்தல் அவர்கள் தேவைக்கு மேல் வருந்துவதாகவே எனக்குப் படுகிறது. மிஞ்சியது மிஞ்சியதுதான், முற்றிய வெண்டையால் யாருக்கும் கெடுதல் வந்துவிடாது, கூச்சப்பட ஆரம்பித்தால் அடுத்த வாரம் கூடையே போகாது. வருந்த வேண்டிய இடம் வேறு. என்னிடம் சுரைக்காய் வாங்கிப் போன ஒருவர் மறுநாள் காலையில் வந்தார். காய் கசந்ததாகவும், வேறு எதுவும் இல்லாததால் பாதியைச் சாப்பிட்டுவிட்டு இரவெல்லாம் வாந்தி எடுத்ததாகவும் சொன்னார். புகார் சொல்ல வரவில்லை. தான் சமைத்ததில் ஏதும் தவறு இருந்ததா என்று கேட்க வந்திருந்தார்.

ஆகவே கொடுப்பவர்கள் அனைவரும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன். சுரை, வெள்ளரி, பூசணி இனக் காய்களில் கசப்பு தெரிந்தால் அது குக்கர்பிட்டாசின் என்னும் நச்சுப்பொருள், வேகவைத்தாலும் போகாது. கடும் வெயிலிலும் தண்ணீர் இல்லாமலும் வாடிய கொடியிலும், வேற்று மகரந்தம் கலந்த காயிலிருந்து நாமே எடுத்து வைத்த விதையில் முளைத்த கொடியிலும் இது வரக்கூடும். ஒவ்வொரு கொடியின் முதல் காயிலும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள்; கசந்தால் அந்தக் கொடியின் காயை யாருக்கும் தர வேண்டாம். பச்சை பூத்த உருளைக்கிழங்கையும் கூடையில் போடாதீர்கள், அதில் சொலனின் என்னும் நச்சு சேர்ந்திருக்கும். காய்ந்த ராஜ்மா கொடுத்தால், இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதித்த பிறகே வேகவிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். அரைவேக்காட்டில் தின்றால் வயிற்றைப் புரட்டிவிடும். பூச்சிமருந்து அடித்திருந்தால் அறுவடைக்கு முன் விட வேண்டிய நாட்கள் டப்பாவிலேயே அச்சிடப்பட்டிருக்கும், அதற்கு ஒரு நாள் முன்பும் பறிக்காதீர்கள். பழைய பெயின்ட் உதிர்ந்த சுவரை ஒட்டிய மண்ணில் ஈயம் கலந்திருக்கலாம். அங்கே விளைந்த கிழங்கையும் கீரையையும் மண்ணைச் சோதிக்காமல் கொடுக்கவே கூடாது. கீரையை விடியற்காலையில் அறுத்து ஈரத்துணியில் சுற்றுங்கள், பழுத்த தக்காளியோடு ஒரே பையில் வைக்காதீர்கள். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு இலையை மஞ்சளாக்கிவிடும்.

விதைக்கூடு:
மண்வெட்டி ஐயா சொன்ன எச்சரிக்கைகள் அத்தனையும் தேவையானவை, எழுதி வைத்துக்கொண்டேன். "மிஞ்சியது மிஞ்சியதுதான்" என்ற சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் தோட்டக்கலை எழுத்தாளர் சங்கம் 1995-இல் தொடங்கிய இயக்கம் மிஞ்சியதை மட்டும் கேட்கவில்லை. பசித்தவர்களுக்கென்று ஒரு வரிசையைக் கூடுதலாக நடுங்கள் என்றது. விதை போடும்போதே ஒதுக்குவதும் சமையலறையில் கழித்த பிறகு ஒதுக்குவதும் வாங்குகிற கைக்குத் தெரியும். நான் வாங்கியவள், அதனால் சொல்கிறேன்.

கணவர் படுத்த படுக்கையாக இருந்த ஆண்டு அது. தோட்ட வாசலில் பையோடு நின்ற என்னை உள்ளே அழைத்த அம்மா பையை நிரப்பித் தரவில்லை. கத்தரிக்கோலை என் கையில் கொடுத்து, "வேண்டியதை நீயே நறுக்கிக்கோம்மா" என்று சொல்லிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். யாரும் பார்க்கவில்லை என்றாலும் கை நீளவில்லை. இரண்டு பிடி கீரை மட்டும் அறுத்தேன். திரும்பி வந்தவர் பையை எட்டிப் பார்க்கவில்லை, பாத்தியைத்தான் பார்த்தார். "அடியோட அறுக்காதே. நாலு விரக்கடை விட்டு அறு. அப்பதான் துளிர்க்கும், அடுத்த வாரம் நீ வந்து அறுக்கணுமே" என்றார். அந்த "நீ வந்து" என்ற சொல் என்னைப் பிச்சைக்காரியாக அல்லாமல் அந்தப் பாத்திக்குச் சொந்தக்காரியாக ஆக்கியது. ஆனால் அடுத்த வாரம் நான் போகவில்லை. தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன். இன்று எனக்கும் ஒரு பாத்தி இருக்கிறது. கீரை அறுக்கும் ஒவ்வொரு முறையும், அன்று நான் விட்டுவந்த நான்கு விரக்கடைத் தண்டுகள் துளிர்த்து, ஆளில்லாமல் முற்றி, பூத்துப்போயிருக்கும் என்றே தோன்றுகிறது.

பந்தல்:
விதைக்கூடு அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு, முதலில் எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். மண்வெட்டி அவர்களே, அந்தக் காயால் யாருக்கும் கெடுதல் வரவில்லை என்பது உண்மை. ஆனால் அது கவனக்குறைவால் கூடைக்குள் போன காய் அல்ல. அன்று காலை பறித்த வெண்டையை எங்கள் வீட்டுத் திண்ணையில் கொட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக நுனியை ஒடித்துப் பார்த்தேன். ஒடிந்ததை என் முறத்தில் போட்டேன். ஒடியாமல் மடங்கியதை, ஒடித்த தடம் தெரியாதபடி விரலால் நீவி நிமிர்த்தி, கூடையில் போட்டேன்.