பைபாஸுக்கு முன் மூளைத் தமனி டாப்ளர்: 'சுருக்கம் இருக்கலாம்' என்ற அறிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி:
என் தந்தையாருக்கு 67 வயது. சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் நெடுநாளாக உண்டு. இதயத்தின் மூன்று இரத்தக் குழாய்களிலும் அடைப்பு இருப்பதால் பைபாஸுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். கழுத்துத் தமனி ஸ்கேனில் குறையேதும் இல்லை. ஆனால் நெற்றிப்பொட்டில் கருவியை வைத்து ஒலியலையால் இரத்த ஓட்டத்தைப் பார்த்த டாப்ளர் சோதனையில், இடப்பக்க நடு மூளைத் தமனியில் சராசரி இரத்த வேகம் நொடிக்கு 118 செ.மீ. என்றும், சுருக்கம் இருக்கலாம் என்றும் எழுதியுள்ளார்கள். பக்கவாத அறிகுறி எதுவும் அவருக்கு வந்ததில்லை. இதை எவ்வளவு தூரம் பொருட்படுத்த வேண்டும்?

பதில் 1:
கழுத்து ஸ்கேன் மண்டையோட்டுக்குள் இருக்கும் தமனிகளைக் காட்டாது. இதயக் குழாயில் கொழுப்புப் படிந்தவருக்கு அங்கும் படிந்திருக்க வாய்ப்புண்டு என்பதால்தான் இந்தச் சோதனை. பொட்டெலும்பு மெல்லியது என்பதால் 2 மெகாஹெர்ட்ஸ் ஒலியலை அதன் வழியே உள்ளே புகும். 1982இல் ரூனே ஆஸ்லிட் அறிமுகப்படுத்திய முறை இது. குழாய் குறுகிய இடத்தில் இரத்தம் விரைந்து பாயும். நடு மூளைத் தமனியில் சராசரி வேகம் 100ஐத் தாண்டினால், பாதிக்கு மேல் சுருங்கியிருக்கலாம் என ஐயுறுவது வழக்கம்.

ஆனால் கருவி அளப்பது வேகத்தைத்தான், குழாயின் அகலத்தை அன்று. இரத்தசோகையிலும் வேகம் கூடும். இதயத் துடிப்பு சீரற்றிருந்தால் துடிப்புக்குத் துடிப்பு அளவு மாறும். சுருக்கம் இல்லை என்று இச்சோதனை சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். இருக்கிறது என்று சொன்னால் வேறொரு சோதனையால் உறுதிசெய்தே ஆக வேண்டும். வலப்பக்க வேகமும் ஹீமோகுளோபின் அளவும் என்ன?

கேட்டவர்:
வலப்பக்கம் 64. ஹீமோகுளோபின் 9.8.

பதில் 1:
இரத்தசோகை மட்டுமே காரணமென்றால் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரேபோல் உயர்ந்திருக்கும். இடப்பக்கம் மட்டும் இவ்வளவு கூடியிருப்பதால், அந்த இடத்தை அவசியம் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தை எண்ணினால், சாய மருந்து இல்லாமலே எடுக்கக்கூடிய எம்.ஆர். ஆஞ்சியோ (காந்தப்புலத்தால் இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் ஸ்கேன்) நல்லது, அதுவும் சில வேளைகளில் சுருக்கத்தை மிகைப்படுத்திக் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

பதில் 2:
சுருக்கம் உறுதியானாலும், உடனே மூளையில் ஸ்டென்ட் வைக்க வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். பக்கவாதம் வந்தவர்களிடமே நடத்தப்பட்டு 2011இல் வெளியான சாம்ப்ரிஸ் ஆய்வில், 30 நாள்களுக்குள் மறு பக்கவாதமோ மரணமோ ஸ்டென்ட் பிரிவில் 14.7 விழுக்காடாகவும், தீவிர மருந்துச் சிகிச்சைப் பிரிவில் 5.8 விழுக்காடாகவும் இருந்தது. அறிகுறியே இல்லாத உங்கள் தந்தையாருக்கு மருந்துகளும் கட்டுப்பாடான இரத்த அழுத்தமுமே முதல் வழி.

அறுவைக்கு முன் இந்த அறிக்கையை மயக்க மருந்து நிபுணரிடம் கட்டாயம் காட்டுங்கள். சுருங்கிய தமனிக்கு அப்பால் உள்ள மூளைப் பகுதி, அழுத்தம் சற்றே இறங்கினாலும் இரத்தமின்றித் தவிக்கக்கூடும்; முன்பே தெரிந்தால் அறுவையின்போது அழுத்தம் இறங்காமல் அவர் பார்த்துக்கொள்வார். ஆஸ்பிரினையோ, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மருந்தையோ நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. எம்.ஆர். ஆஞ்சியோவுக்குச் சொல்லியாகிவிட்டது, இரு அறிக்கைகளையும் அறுவை மருத்துவரிடமும் மயக்க மருந்து நிபுணரிடமும் சேர்த்தே கொடுக்கிறேன்.