ராத்திரியில் மாடித் தொட்டி பாதி காலியாகிறது, எங்கே போகிறது தண்ணீர்?

மொட்டைமாடித்தோட்டம்:
வணக்கம். மேடவாக்கம் பக்கம் வாடகை வீடு. எங்களுக்கென்று 500 லிட்டர் தொட்டி. இரவு 9 மணிக்கு மோட்டார் போட்டு நிரப்பிவிட்டுப் படுத்தால் காலை 6 மணிக்குப் பாதிதான் இருக்கிறது. குழாய் ஒவ்வொன்றின் கீழும் மக் வைத்துப் பார்த்துவிட்டேன், சொட்டுக்கூட இல்லை. சுவரிலும் ஈரம் இல்லை. போன வாரம் ஒரு பிளம்பர் வந்து ஃப்ளஷ் டேங்கில் மிதவையை மாற்றி 650 ரூபாய் வாங்கிப் போனார். அப்படியேதான் இருக்கிறது. எங்களுடையது போர் தண்ணீர், உப்பு ஜாஸ்தி. அதுவும் கோடையில் வற்றிவிடும், அப்புறம் லாரித் தண்ணீர்தான். அதனால் வீணாகும் ஒவ்வொரு குடமும் மனதை உறுத்துகிறது. கணவர் வெளியூரில், வீட்டில் மாமியாரும் நானும்தான். நானே சரிசெய்ய முடியுமா?

பழைய ஸ்பேனர்:
தாராளமாக முடியும் அம்மா. கோவையில் மில் மெயின்டனன்ஸில் 30 வருடம் இருந்தவன், தைரியமாகச் சொல்கிறேன்.

9 மணி நேரத்தில் 250 லிட்டர் என்றால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட அரை லிட்டர். குழாயில் அவ்வளவு ஒழுகினால் கண்ணில் படாமல் இருக்காது. கமோடின் பின்பக்கமாக மெல்லிசாக வழிந்தால் பார்வைக்கும் தெரியாது, சத்தமும் வராது. முதலில் ஃப்ளஷ் டேங்க் மூடியைத் திறந்து பத்துச் சொட்டு சொட்டுநீலம் விடுங்கள். கால் மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்ய வேண்டாம். கமோடில் நீலம் வந்தால் ஒழுகல் அங்கேதான்.

அடுத்து, சுவரோரம் டேங்குக்குத் தண்ணீர் விடும் சின்ன வால்வு இருக்கும், ஆங்கிள் காக் என்பார்கள். அதை மூடிவிட்டு, டேங்கில் தண்ணீர் நிற்கும் மட்டத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மட்டம் இறங்கிக்கொண்டே போனால் அடி வாஷர் போய்விட்டது. நடுவில் நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்வரை இறங்கி நின்றுவிட்டால் கோளாறு மிதவையில். இதைப் பார்க்காமல் பாகத்தை மாற்றுவதில்தான் பாதிப் பணம் வீணாகிறது.

வாஷர்தான் என்றால், காக்கை மூடியபடியே ஃப்ளஷ் செய்து டேங்கைக் காலி செய்யுங்கள். பொத்தான் வைத்த டேங்க் என்றால், உள்ளே இருக்கும் வால்வை இடதுபக்கம் கால் சுற்றுச் சுற்றித் தூக்கினால் பெரும்பாலும் கையோடு வந்துவிடும். அடியில் வளையம் மாதிரி ஒரு ரப்பர் இருக்கும். அதையே கடைக்கு எடுத்துப் போங்கள், வாயால் அளவு சொன்னால் வேறு ஏதாவது தருவார்கள். கடை மூடியிருந்தால் ரப்பரைத் திருப்பிப் போடுங்கள், நாலு நாள் ஓடும்.

முத்துநகர்:
அக்கா, எங்கள் தூத்துக்குடியிலும் இதே உப்புத்தான். புது வாஷர் போட்டும் எங்களுக்கு ஒழுகியது. ரப்பர் உட்காரும் விளிம்பில் உப்பு பொருக்காகப் படிந்திருந்தது. எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்துத் துணியில் நனைத்து அரை மணி நேரம் போட்டு வையுங்கள், பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடும். கத்தியால் சுரண்டாதீர்கள், ஒரு கீறல் விழுந்தாலும் எந்த வாஷரும் நிற்காது. டேங்குக்குள் ஆசிட் ஊற்றவே வேண்டாம், ரப்பரும் நட்டும் அரித்துப்போகும். கமோடில் பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கும்போது ஆசிட் சேர்ந்தால் விஷவாயு கிளம்பும். மாமியார் வேறு வீட்டில் இருக்கிறார்கள், கவனம்.

மொட்டைமாடித்தோட்டம்:
நாலே நிமிடத்தில் நீலம் வந்துவிட்டது! பென்சில் கோட்டிலிருந்து எங்கேயும் நிற்காமல் மட்டம் இறங்கிக்கொண்டே போனது, ஆக வாஷர்தான். கழற்றிப் பார்த்தால் அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. புதிது 40 ரூபாய். விளிம்பையும் தேய்த்துச் சுத்தம் செய்தேன். மாமியார்தான் டார்ச் பிடித்தார்கள். இப்போது நீலம் வரவில்லை. ஆனால் ஆங்கிள் காக்கைத் திருப்பியதிலிருந்து அதன் பிடியடியில் சொட்டுகிறது. நான் ஏதாவது உடைத்துவிட்டேனா?

பழைய ஸ்பேனர்:
இல்லவே இல்லை. வருடக்கணக்காகத் திருப்பாத காக் அப்படித்தான் சொட்டும். பிடிக்குக் கீழே தண்டைச் சுற்றி ஒரு சின்ன நட்டு இருக்கும், அதை ஸ்பேனரால் வலதுபக்கம் கால் சுற்று மட்டும் முறுக்குங்கள். சுவருக்குள் போகும் பக்கத்தைத் தொடாதீர்கள், அங்கே உடைந்தால் டைல்ஸை உடைக்க வேண்டிவரும். இனி மாதம் ஒருமுறை காக்கை மூடித் திறந்து வையுங்கள், இறுகாது.

மொட்டைமாடித்தோட்டம்:
கால் சுற்றிலேயே நின்றுவிட்டது. இன்று காலை 6 மணிக்கு மாடிக்குப் போய்ப் பார்த்தேன் ஐயா, தொட்டியில் நாலு விரல்தான் இறங்கியிருக்கிறது. ராத்திரி நாங்கள் புழங்கிய தண்ணீர் அது.