அதிக தூரம் உழைக்கும் ஆல்-சீசன் டயர்: எதைப் பார்த்து வாங்குவது?

நெடுஞ்சாலை_நண்பன் (கேள்வி)

வணக்கம். முன்சக்கர இழுவை கார், டயர் அளவு 205/55 ஆர்16 91வி. முன்னால் இரண்டும் தேய்மானக் கட்டையை (டயரை மாற்றும் நேரத்தைக் காட்ட பள்ளத்துக்குள் இருக்கும் மேடு) தொட்டுவிட்டன. பின்னால் பள்ளத்தில் 4 மி.மீ. ஆழம் மிச்சம். வருஷத்துக்குச் சுமார் 18,000 கி.மீ. ஓடும். வெயில், மழை, எப்போதாவது லேசான பனி என மூன்றும் உண்டு. பருவத்துக்கு ஒரு செட் வைத்துக்கொள்ள முடியாது. பக்கச்சுவரிலுள்ள ட்ரெட்வேர் எண் (தேய்மானத்தைத் தாங்கும் தரம்) எது அதிகமோ அதை எடுத்தால் போதும் என்கிறார்கள். அது சரியா? நல்ல டயர் இரண்டு மட்டும் வாங்கலாமா, இல்லை நாலையும் மாற்ற வேண்டுமா?

ரப்பர்_மணி

அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ட்ரெட்வேர் என்பது கி.மீ. கணக்கு இல்லை. 100 என்று மதிப்பிட்ட ஒரு ஒப்பீட்டு டயரோடு சேர்த்துச் சுமார் 11,600 கி.மீ. சாலையில் ஓட்டி, தேய்ந்த அளவை வைத்து மீதியைக் கணக்கிடுகிறார்கள். கடைசியில் எண்ணைப் போடுவது தயாரிப்பாளரே. அதனால் ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களை ஒப்பிட இது உதவும். ஒரு கம்பெனியின் 700-ஐ இன்னொன்றின் 560-ஓடு ஒப்பிட்டால் ஏமாற்றம்தான்.

அதைவிட நம்பகமானது கி.மீ. வாரண்டி, ஏனென்றால் அதில் கம்பெனியின் பணம் இருக்கிறது. ஆனால் நிபந்தனைகளைப் படியுங்கள். 80,000 கி.மீ. வாரண்டி உள்ள டயர் 60,000-லேயே 1.6 மி.மீ. ஆழத்துக்குத் தேய்ந்தால் பொதுவாகக் கிடைப்பது மிச்சமுள்ள கால் பங்குக்கான தள்ளுபடி. அதுவும் அடுத்த டயர் விலையில்தான். டயர்களை முன்பின் இடம் மாற்றியதற்கான ரசீது இல்லாவிட்டால் பெரும்பாலும் அதுவும் கிடைக்காது.

ஈரச்சாலை

மணி சொன்னதோடு ஈரப்பிடிப்பையும் சேருங்கள். நீண்ட நாள் உழைக்க ரப்பரைக் கெட்டியாக்குவது மலிவான வழி; அதற்கான விலையை மழையில் பிரேக் பிடிக்கும்போது கொடுப்போம். ட்ராக்‌ஷன் (பிடிப்பு) தரம் ‘ஏ’ அல்லது ‘ஏஏ’ இருக்கட்டும். அதுவும் நேர்க்கோட்டில் ஈரத்தில் பிரேக் பிடிப்பதை மட்டுமே அளக்கிறது. வளைவையோ, தேங்கிய நீரில் டயர் மிதப்பதையோ அளக்காது. ஐரோப்பிய லேபிள் இருந்தால் அதில் ஈரப்பிடிப்புக்குத் தனி எழுத்து உண்டு. அதில் தேய்மானத்துக்குத் தரம் கிடையாது.

பனிக்கு ‘எம்+எஸ்’ (சேறு, பனி) எழுத்து மட்டும் போதாது. அது பள்ளங்களின் அமைப்பைப் பொறுத்தது, சோதனையில் தேறியதற்கான முத்திரை அல்ல. மூன்று முகட்டு மலைக்குள் பனித்துகள் படம் இருந்தால்தான் பனியில் இழுவையைச் சோதித்துத் தேறியது என்று பொருள்.

விலையைக் கணக்கிடும்போது பள்ளத்தின் ஆழத்தையும் கேளுங்கள். சட்ட வரம்பு பல நாடுகளில் 1.6 மி.மீ. என்றாலும், 3 மி.மீ.க்குக் கீழே மழையில் பிடிப்பு வேகமாகக் குறையும். 8 மி.மீ. டயரில் உங்களுக்குப் பயன்படுவது 5; 7 மி.மீ. டயரில் 4 தான். பாதுகாப்பாக ஓட்டக்கூடிய ரப்பரில் ஐந்தில் ஒரு பங்கு ஆரம்பத்திலேயே போய்விட்டது! ஒருவர் பத்து சதவீதம் குறைத்துக் கொடுத்தாலும் அது லாபமில்லை.

சக்கர_சீரமைப்பு

இரண்டு மட்டும் வாங்கினால் புதியவை பின்னால் போக வேண்டும், முன்சக்கர இழுவை காரிலும் அப்படித்தான். ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழலும், திருத்த நேரமிருக்காது. ஆனால் அப்படிச் செய்தால் உங்கள் 4 மி.மீ. டயர்கள் முன்னால் வந்து சீக்கிரம் 3-ஐத் தொடும். பின்னாலுள்ளவை ஐந்தாறு வருஷம் பழையவை என்றால் நாலையும் மாற்றுவதே சிக்கனம். பக்கச்சுவரில் ‘டி.ஓ.டி.’ குறியின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2321 என்றால் 2021-இன் 23-ஆம் வாரம் தயாரித்தது. புதிது வாங்கும்போதும் இதைப் பார்த்தே எடுங்கள்.

வாங்கிய பிறகு 8,000–10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்பின் மாற்றுங்கள். காற்றழுத்தத்தைக் கதவுச்சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது நிரப்புங்கள். டயரில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச வரம்பு. வெப்பநிலை 5–6 டிகிரி இறங்கினாலே சுமார் 1 பி.எஸ்.ஐ. குறையும், குளிர்காலத் தொடக்கத்தில் கட்டாயம் பாருங்கள். லோடு எண் (தாங்கும் எடை) 91-க்கும் வேகக்குறி ‘வி’க்கும் கீழே இறங்க வேண்டாம்.

நெடுஞ்சாலை_நண்பன்

எல்லோருக்கும் நன்றி. பின் டயர்களில் தேதி பார்த்தேன், ஆறு வருஷம் தாண்டிவிட்டது, நாலும் மாற்றுகிறேன். முன் டயர்களில் உள்விளிம்பு மட்டும் வழுவழுவென்று இருக்கிறது. இது சாதாரணம்தானா?

சக்கர_சீரமைப்பு

இல்லை. இதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால், எந்தக் கம்பெனி டயரும் பாதி ஆயுள்கூட ஓடாது. இரண்டு ஓரமும் சமமாகத் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடு தேய்ந்தால் காற்று அதிகம், உள்விளிம்பு மட்டும் என்றால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பியிருக்கும் கோணம்) அல்லது கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சாய்ந்திருக்கும் கோணம்) கோளாறு. பழைய டயரின் மேல் குறுக்கே உள்ளங்கையை இரண்டு திசையிலும் தேய்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கி, எதிர்ப்பக்கம் ரம்பப் பல்லாகக் கையைப் பிடித்தால் டோ. அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) எடுக்கும் முன், சக்கரத்தைப் பிடித்திருக்கும் பாகங்களான டை-ராட் முனை, லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் இருக்கும் பாகத்தோடு கோணத்தைச் சரிசெய்தால் சில நாளில் மறுபடி விலகிவிடும். அளவு எடுத்த தாளையும் கேட்டு வாங்குங்கள், சரிசெய்யும் முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று இரண்டும் அதில் இருக்க வேண்டும்.