புதுப்பிப்பு: சர்க்கரைநீர்க் குடுவையும் ஓசனிச்சிட்டுச் சண்டையும்

ஹூஸ்டனில் எங்கள் கொல்லையில் தொங்கும் சர்க்கரைநீர்க் குடுவையை ஓர் ஆண் செந்தொண்டை ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட் எனப்படும், பூந்தேன் குடிக்கும் சின்னஞ்சிறு பறவை) தனதாக்கிக்கொண்டு மற்றவற்றை விரட்டுவதைப் பற்றி இவ்விழையில் முன்பு கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி, முதல் குடுவையிலிருந்து பார்த்தால் தெரியாதவாறு வீட்டின் மறுபுறம் இன்னொன்றை மாட்டினேன். சண்டை ஓய்ந்துவிடவில்லை, ஆயினும் அந்தச் சண்டியரால் இரண்டையும் ஒருசேரக் காவல் காக்க இயலாததால், மற்றவற்றுக்கும் வயிறு நிறைகிறது.

கலவையைக் கேட்டவர்களுக்கு: ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர். சிவப்புச் சாயம் தேவையில்லை, குடுவையின் சிவப்பு நிறமே போதும். தேன் கரைசலில் பூஞ்சை எளிதில் வளரும் என்பதால் அதையும் தவிர்க்கிறேன். இந்த வெயிலில் இரண்டு நாளுக்கு ஒருமுறை வெந்நீரில் கழுவி மாற்றுவது அவசியம்.

செப்டம்பரில் குடுவையை எடுக்காவிட்டால் பறவைகள் வலசை போகாது என்று ஒருவர் அஞ்சியிருந்தார். அந்த அச்சம் வேண்டாம்; பகற்பொழுது குறைவதே அவற்றைக் கிளப்புகிறது. ஏறத்தாழ 3 கிராமே எடையுள்ள இவை, மெக்சிகோ வளைகுடாவைக் கடக்கவோ அதன் கரையோரமாகத் தெற்கே செல்லவோ கொழுப்பைச் சேர்த்து எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்க வேண்டியிருப்பதால், இப்போதுதான் தீனி மிகவும் தேவை. வேறோர் இனமான செம்பழுப்பு ஓசனிச்சிட்டுகள் சில இக்கடற்கரையில் குளிர்காலத்தைக் கழிப்பதுண்டு என்பதால், செந்தொண்டைகள் வலசை போன பிறகும் ஒரு குடுவையை விட்டுவைக்கப்போகிறேன்.