நீதி அமைச்சைப் பாராளுமன்றம் கேள்வி கேட்டபோது: நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் சிலரின் அனுபவப் பகிர்வு

ஹரோ உரைபெயர்ப்பாளர்:

இங்கிலாந்து, வேல்ஸ் நீதிமன்றங்களின் உரைபெயர்ப்பு வேலையை ஒரே தனியார் நிறுவனத்திடம் கொடுத்த காலத்தைப் பற்றி இளையவர்கள் அவ்வப்போது கேட்பதால், எனக்கு நேர்ந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். நான் விட்ட இடங்களை மற்றவர்கள் நிரப்புங்கள்.

2012 ஜனவரி 30ஆம் திகதிக்கு முன்பு எங்களை அழைத்தது நீதிமன்றம்தான். வழக்கைப் பட்டியலிடும் எழுதுவினைஞர் உரைபெயர்ப்பாளர்களின் தேசியப் பதிவேட்டைத் திறந்து, தமிழுக்குக் கீழே உள்ள பெயர்களில் யார் பக்கத்தில் இருக்கிறார் என்று பார்த்துத் தொலைபேசி எடுப்பார். முதல் மூன்று மணி நேரத்துக்குக் குறைந்தது 85 பவுண் கிடைக்கும். நீதி அமைச்சு செய்துகொண்ட புதிய ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் எங்களை மூன்று படிகளாகப் பிரித்து, மணிக்கு 22, 20, 16 பவுண் என்று கூலி வைத்தார்கள். உரைபெயர்ப்பில் டிப்ளோமா எடுத்து, பதினைந்து வருடம் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்ற எங்களில் பலர், அந்தக் கூலிக்கு வருவதில்லை என்று முடிவெடுத்தோம். பகிஷ்கரிப்பு என்று அதற்குப் பெயர் வைத்தது பத்திரிகைகள்தான். எங்கள் வீடுகளில் அதற்குப் பெயர் வருமானம் இல்லாத மாதங்கள்.

அந்த வசந்தத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, உறவினர் ஒருவரின் வாகனக் குற்றப்பண விவகாரத்துக்குத் துணையாக ஒரு நீதவான் நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். பகல் பன்னிரண்டு மணியளவில் கறுப்பு அங்கி போட்ட நீதிமன்றப் பணியாளர் நடைபாதைக்கு வந்து, இங்கே தமிழ் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று உரத்துக் கேட்டார். முதல்நாள் இரவு கைதான ஓர் இளைஞன் கீழே சிறைக்கூடத்தில் இருந்தான். நிறுவனம் அனுப்புவதாகச் சொன்ன உரைபெயர்ப்பாளர் வரவில்லை. மூலையில் நின்ற அவனுடைய மச்சான் கையைத் தூக்கினார். குற்றம் சாட்டப்பட்டவனின் மச்சானை உரைபெயர்க்க விடுவதா என்று சட்டத்தரணி தயங்கினார், நீதவான்களும் ஒப்பவில்லை. வழக்கு திங்கட்கிழமைக்குப் போனது, பையன் விளக்கமறியலுக்குப் போனான்.

அந்தக் கோடையில் பாராளுமன்ற மக்களவையின் நீதித் தெரிவுக்குழு இந்த ஒப்பந்தத்தை விசாரிப்பதாக அறிவித்து, எழுத்துச் சான்றுரைகளைக் கேட்டது. நான் முதலில் நான்கு பக்கம் எழுதினேன்: எங்கள் தொழிலின் மேன்மை, அமைச்சின் நன்றிகெட்டதனம், எல்லாம் அதில் இருந்தன. சங்கத்தில் மூத்த அக்கா ஒருவர் வாசித்துவிட்டு, "பிள்ளை, இதை அவர்கள் வேறு முந்நூறு பேரிடமும் வாசிப்பார்கள். நீ கண்ணால் கண்டதை எழுது" என்றார். நான்கு பக்கத்தையும் கிழித்துவிட்டு, திகதி, நேரம், நடைபாதை, மச்சான், திங்கட்கிழமை என்று ஒன்றரைப் பக்கத்தில் முடித்தேன்.

பர்மிங்காம் திருச்சிக்காரன்:

ஹரோ அக்கா எழுதியதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அந்த நிறுவனத்தில் பதிவு செய்து வேலைக்குப் போனவர்களில் நானும் ஒருவன். அப்போது இரவு நேரத்தில் பண்டகசாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். மணிக்கு 16 பவுண் என்பது எனக்குப் பெரிய தொகை. இணையத்தில் படிவத்தை நிரப்பினேன். தமிழ், ஆங்கிலம் இரண்டும் எனக்கு எவ்வளவு தெரியும் என்று யாரும் நேரில் சோதிக்கவில்லை. இரண்டாவது வாரமே அழைப்பு வந்துவிட்டது. அதே நாட்களில் ஒருவர் தன் வீட்டு முயலைப் பதிவு செய்ததாகவும், அதற்கும் மின்னஞ்சல் வந்ததாகவும் பத்திரிகைகளில் செய்தி வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை.

என் மூன்றாவது வழக்கில் சாட்சி ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. அயலவரைப் பற்றி, "அவர் என்னை வெருட்டினவர்" என்றார். எங்கள் ஊரில் நாயை வெருட்டுவோம், கோழியை வெருட்டுவோம். 'வெருட்டினவர்' என்றால் துரத்திய ஆள் என்றுதான் என் காதில் விழுந்தது. அவர்தான் இந்த அம்மாவைத் துரத்தியவர் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அயலவர் தன்னை மிரட்டினார் என்பதுதான் அந்த அம்மா சொன்ன வாக்கியம். யாழ்ப்பாணத் தமிழில் 'வந்தவர்', 'சொன்னவர்', 'வெருட்டினவர்' எல்லாம் நடந்து முடிந்ததைச் சொல்லும் வினை என்பதைப் பிறகு ஒரு நண்பர் எனக்கு விளக்கினார். வழக்கே மிரட்டல் வழக்கு என்பதால், நான் பிசகிய அந்த ஒரு சொல்லில்தான் குற்றச்சாட்டு முழுவதும் நின்றது. அந்த அம்மாவின் மகள் பின்னாலிருந்து எழுந்து அழாக்குறையாகத் தடுக்கவே, நீதிபதி விசாரணையை நிறுத்தினார். பழியை நிறுவனத்தின் மேல் மட்டும் போட எனக்கு மனம் வரவில்லை. தெரியாத தமிழைத் தெரிந்ததாக நினைத்து நின்றது நான்தான்.

அதே வசந்தத்தில் கிழக்கு லண்டனின் ஸ்னேர்ஸ்புரூக் கிரவுன் நீதிமன்றத்தில், ருமேனிய மொழி உரைபெயர்ப்பு நடந்த ஒரு திருட்டு வழக்கில், 'கடித்தல்' என்பதற்கும் 'அடித்தல்' என்பதற்கும் உரிய ஆங்கிலச் சொற்கள் ஒலியில் நெருங்கியவை என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது நுழைந்து, விசாரணை குலைந்தது. மறுவிசாரணைக்கு ஏறத்தாழ 25,000 பவுண் ஆகும் என்று செய்தி வந்தது. தமிழிலும் அடியும் கடியும் ஓரெழுத்துத் தள்ளித்தானே நிற்கின்றன! நீதிமன்ற உரைபெயர்ப்பு எவ்வளவு சிக்கலான வேலை என்பதை அமைச்சு போதிய அளவு புரிந்துகொள்ளவில்லை என்று தெரிவுக்குழு பின்னர் தன் அறிக்கையில் எழுதியதை வாசித்தபோது, அந்த அம்மாவின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

சட்டத்தரணி அலுவலகம், ஈஸ்ட் ஹாம்:

ஒத்திவைப்பைப் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். உரைபெயர்ப்பாளர் வராத நாளில் சட்டத்தரணி, அரச தரப்பு, சாட்சிகள், காவலர் என எல்லோரும் வந்திருப்பார்கள். அவர்களுக்கான செலவு ஒப்பந்தக் கணக்கில் எங்கும் ஏறாது. மிச்சம் பிடித்ததாக அமைச்சு சொன்ன தொகையைக் கேட்கும்போதெல்லாம், நீதிமன்ற வாசலில் வீணாகிய காலைகளை யார் எண்ணினார்கள் என்றுதான் கேட்கத் தோன்றும். அந்த ஆண்டு எங்கள் அலுவலக நாட்குறிப்பில் 'வரவில்லை' என்று சிவப்பு மையில் எழுதிய பக்கங்களை இன்னும் வைத்திருக்கிறேன்.

பொது இருக்கை:

நான் உரைபெயர்ப்பாளன் அல்ல, ஓய்வுபெற்ற கணக்காய்வாளன். என் மனைவி உரைபெயர்ப்பாளர் என்பதால் அந்த இலையுதிர் காலத்தில் நடந்த வாய்மொழி விசாரணையைப் பார்க்கப் போனேன். போர்ட்குலிஸ் மாளிகை வெஸ்ட்மின்ஸ்டர் நிலத்தடி ரயில் நிலையத்துக்கு மேலேயே நிற்கிறது. விமான நிலையத்தைப் போலப் பையையும் இடுப்புப் பட்டியையும் சோதித்து உள்ளே விடுவார்கள். கண்ணாடிக் கூரைக்குக் கீழே அத்தி இனத்து மரங்களைத் தொட்டிகளில் வளர்த்திருக்கிறார்கள். மாடி அறையில் உறுப்பினர்கள் குதிரை லாட வடிவ மேசையைச் சுற்றி அமர்ந்திருக்க, சாட்சிகள் அதன் திறந்த வாய்ப் பக்கத்தில், தண்ணீர்க் குவளையும் பெயர்ப்பலகையுமாக உட்காருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நாங்கள். ஆகவே அமைச்சர் ஹெலன் கிராண்ட் பதில் சொன்னபோது எங்களுக்குத் தெரிந்தது அவருடைய முதுகும், அவருக்குக் காகிதம் நீட்டிய அதிகாரிகளின் கைகளும்தான். முகத்தைப் பார்த்தவர்கள் கேள்வி கேட்டவர்கள்.

ஒரு விடயத்தைப் பலர் குழப்பிக்கொள்வதால் சொல்லிவிடுகிறேன். இந்த ஒப்பந்தத்தைப் பாராளுமன்றத்தின் இரண்டு குழுக்கள் விசாரித்தன. மார்கரெட் ஹோட்ஜ் தலைமையிலான பொதுக் கணக்குக் குழு, 2012 செப்டெம்பரில் வந்த தேசியக் கணக்காய்வு அலுவலகத்தின் அறிக்கையை வைத்துக்கொண்டு பணத்தின் வழியே போனது. சேர் அலன் பீத் தலைமையிலான நீதித் தெரிவுக்குழு, நீதி அமைச்சின் கொள்கையையும் நடத்தையையும் பார்த்தது. என் தொழில்காரணமாக முதலாவதுதான் எனக்கு ருசித்தது. ஒரு மில்லியன் பவுணுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை இந்த நிறுவனத்திடம் கொடுக்க வேண்டாம் என்று அமைச்சே பெற்ற நிதி மதிப்பீடு எச்சரித்திருந்தது. 1,200 உரைபெயர்ப்பாளர்கள் தேவைப்பட்ட இடத்தில், வேலை தொடங்கிய நாளில் 280 பேர்தான் தயாராக இருந்தார்கள். 98 வீத அழைப்புகளுக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்பது இலக்கு. தொடக்கத்தில் அனுப்பியது 58 வீதத்துக்கு. இவ்வளவுக்கும் பிறகு அமைச்சு அறவிட்ட தண்டம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 2,200 பவுண். நான் முப்பது வருடம் கணக்குப் பார்த்தவன். அந்த எண்ணில் ஒரு சுழியம் விடுபட்டிருக்கும் என்று நினைத்து இரண்டாம் முறையும் வாசித்தேன்.

நீதித் தெரிவுக்குழு விசாரணையில் என் மனதில் நின்றது வேறொன்று. குழு இணையம் வழியாகவும் அனுபவங்களைக் கேட்டிருந்தது. அதில் பங்கெடுக்க வேண்டாம் என்று நீதிமன்றச் சேவை தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியிருந்தது. என் மனைவிக்குப் பழக்கமான ஓர் எழுதுவினைஞர், எப்போது கேட்டாலும் பத்துக் கதை சொல்லுகிறவர், அந்த மாதங்களில் காலநிலையைப் பற்றி மட்டும் கதைத்தார். காரணம் எங்களுக்கு 2013 பெப்ரவரியில் அறிக்கை வந்தபோதுதான் விளங்கியது. அமைச்சின் அந்தச் செயல் அவையை அவமதித்ததாகவே கருதப்படக்கூடும் என்று குழு எழுதியிருந்தது. பிரித்தானியப் பாராளுமன்றத்தின் மொழியில் அது எவ்வளவு கடுமையான வார்த்தை என்பது அதன் அறிக்கைகளை வாசித்துப் பழகியவர்களுக்குத் தெரியும்.

குரொய்டன் சந்தேகி:

எல்லாம் சரி, ஐயா. என்ன மாறியது? தெரிவுக்குழுவால் ஒப்பந்தத்தை முறிக்க முடியாது, ஒருவரை வேலையிலிருந்து நிறுத்த முடியாது. அரசு இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது மரபு. பதில் வந்தது, ஒப்பந்தம் தொடர்ந்தது. 2016இல் அது வேறொரு நிறுவனத்துக்குப் போனபோது, தரத்தைச் சோதிக்கும் வேலையைத் தனியாகப் பிரித்து மூன்றாம் தரப்பிடம் கொடுத்தார்கள். அந்த ஒன்றை மட்டும் 2012ஆம் ஆண்டுச் சான்றுரைகளின் பலன் என்று நான் ஒப்புக்கொள்வேன். முன்பு தன் உரைபெயர்ப்பாளர்கள் நல்லவர்கள் என்று சான்று கொடுத்ததும் அவர்களை அனுப்பியதும் ஒரே கைதான்.

பிறகு 2024இல் பிரபுக்கள் சபையின் பொதுச் சேவைகள் குழு இதே விடயத்தைத் திரும்ப எடுத்து, 2025 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. அமைச்சின் புள்ளிவிவரங்கள் காட்டும் படமும் நீதிமன்றத்தில் நிற்பவர்கள் சொல்லும் படமும் பொருந்தவில்லை என்பதும், புதிய ஒப்பந்த வேலையை நிறுத்திவைக்க வேண்டும் என்பதும் அதில் உள்ளன. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகும் அதே அமைச்சிடம் அதே கேள்வி. நான் சலித்துப் போயிருப்பதில் பிழை உண்டா?

புதிய உறுப்பினர்:

நான் சென்ற வருடம்தான் டிப்ளோமா முடித்தேன். இப்படியான குழுவுக்கு எழுதினால் எனக்கு வரும் வேலை நின்றுவிடாதா? பெரியவர்கள் சொல்லுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும், அக்கா. அந்த வெள்ளிக்கிழமை நீங்களும் அந்த நடைபாதையில்தானே இருந்தீர்கள்?

ஹரோ உரைபெயர்ப்பாளர்:

முதல் கேள்விக்கு: பெயரை வெளியிட வேண்டாம் என்றோ, சான்றுரை முழுவதையும் இரகசியமாக வைத்திருக்குமாறோ நீங்கள் குழுவைக் கேட்கலாம். முடிவெடுப்பது அவர்கள், ஆகவே அனுப்பும்போதே கேட்டுவிட வேண்டும், வெளியான பிறகு கேட்டுப் பயனில்லை. நடந்துகொண்டிருக்கும் வழக்கு எதையும் குறிப்பிடாதீர்கள். குழு ஏற்று வெளியிட்ட சான்றுரைக்குப் பாராளுமன்றச் சிறப்புரிமையின் பாதுகாப்பு இருக்கிறது, அதாவது அதில் எழுதியதற்காக உங்கள் மேல் வழக்குப் போட முடியாது. ஆனால் நீங்கள் அதையே எடுத்து முகநூலில் போட்டால் அந்தப் பாதுகாப்பு அங்கே உங்களோடு வராது. அனுப்பிய பின் அது குழுவின் உடைமை என்பதையும் மறக்க வேண்டாம். என் பெயரோடுதான் நான் அனுப்பினேன், வேலை நிற்கவில்லை. ஏற்கெனவே நின்றுபோயிருந்தது என்பது வேறு கதை.

குரொய்டன் தம்பி சலித்துக்கொள்வதில் பிழை இல்லை. ஆனால் பிரபுக்கள் சபைக் குழு கேட்டபோது, என் பழைய சான்றுரையைத் தேடி எடுக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பாராளுமன்ற இணையத்தளத்தில் திகதியோடு அப்படியே கிடந்தது. அதைச் சுட்டிக்காட்டித்தான் புதியதைத் தொடங்கினேன்.

இரண்டாவது கேள்விக்கு: ஆம், இருந்தேன். கையில் தேநீர்க் கோப்பையோடு, அந்தப் பணியாளரிடமிருந்து பத்தடி தூரத்தில் இருந்தேன். பதிவேட்டில் பெயர் உள்ள ஒரு தமிழ் உரைபெயர்ப்பாளர் அங்கே நிற்பது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அன்று கை தூக்கினால் இத்தனை மாதம் வேலையை மறுத்ததற்கு அர்த்தம் இல்லை என்று நினைத்து, தேநீரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பையன் மூன்று இரவுகள் உள்ளே இருந்தான். சான்றுரையின் இரண்டாவது பந்தியில் அதையும் எழுதினேன்; மூத்த அக்கா அந்தப் பந்தியை எடுத்துவிடலாம் என்றார், நான் எடுக்கவில்லை.