16 மேட்ச், 16 தோல்வி: டெட்ராய்ட் லயன்ஸ் 2008, கூட இருந்து பாத்தவங்க எழுதுங்க

எல்லாருக்கும் வணக்கம். ஜெயிச்ச டீமப் பத்திப் பேச ஆயிரம் பேர் இருக்காங்க, அமெரிக்கன் ஃபுட்பால்ல ஒரு சீசன் பூரா தோத்துக்கிட்டே இருந்த டீமோட கூடவே இருந்தவங்க இங்க யாராவது இருந்தா எழுதுங்க, மொதல்ல நானே ஆரம்பிக்கிறேன்.

நான் 2007 கடைசில டெட்ராய்ட் பக்கம் போனேன். கார் பார்ட்ஸ் டிசைன் பண்ற ஒரு எடத்துல கான்ட்ராக்ட் வேலை, வீடு ஃபார்மிங்டன் ஹில்ஸ்ல, அக்கம்பக்கத்துல நம்ம ஆளுங்க நெறைய. அமெரிக்கன் ஃபுட்பால் எனக்கு சுத்தமா தெரியாது. சொல்லிக் குடுத்தது எனக்குப் பக்கத்து சீட்ல இருந்த பெரியவர், முப்பது வருஷமா டூலிங்ல இருக்கறவர், அவங்கப்பா காலத்துலேர்ந்து லயன்ஸ் சீசன் டிக்கெட் விடாம வாங்குற குடும்பம். மத்தியானம் சாப்பிடறப்போ பேப்பர் நாப்கின்ல கோடு போட்டு டச்டவுன்னா 6, ஃபீல்ட் கோல்னா 3ன்னு பொறுமையா வெளக்குவார்.

2008 ஆகஸ்ட்ல சீசனுக்கு முன்னாடி ஆடுற நாலு மேட்சும் லயன்ஸ் ஜெயிச்சாங்க, ஆபீஸ்ல அப்படி ஒரு சந்தோஷம். செப்டம்பர்ல நெஜ சீசன் மொத மேட்ச் அட்லாண்டால. அந்த டீமுக்குப் புதுசா வந்த மேட் ரயன் என்எஃப்எல்ல (அமெரிக்கன் ஃபுட்பால் லீக்) எறிஞ்ச மொத பாஸே 62 யார்டு டச்டவுன். அன்னிக்கு ஆரம்பிச்சதுதான்.

அக்டோபர் 12 மினசோட்டா மேட்ச பெரியவர் வீட்ல பாத்தேன். லயன்ஸோட குவார்டர்பேக் (பந்த எறியறவர்) டான் ஓர்லோவ்ஸ்கி தன் எண்ட் ஸோனுக்குள்ள (மைதானத்தோட கடைசிப் பட்டை) நிக்கிறார், மினசோட்டாவோட ஜாரட் ஆலன் தொரத்துறார், இவர் வலது பக்கமா ஓடறார், ஓடற வேகத்துல பின்பக்கக் கோட்ட மிதிச்சுத் தாண்டினது அவருக்கே தெரியல, வெளிய நாலு எட்டு வச்சப்புறம்தான் அவருக்குப் புரியுது. அதுக்குப் பேரு சேஃப்டி, எதிர் டீமுக்கு 2 பாயிண்ட். மேட்ச் முடிவு 12-10, அதே ரெண்டு பாயிண்ட். ரீப்ளே போட்டப்போ பெரியவர் எந்திரிச்சுப் போய் டிவி மேல அந்த வெள்ளைக் கோட்டுல வெரல வச்சு "இங்க"ன்னு மட்டும் சொன்னார், சொல்லிட்டு ரொம்ப நேரம் அங்கயே நின்னுட்டிருந்தார்.

அந்தச் சமயம் ஊரே வேற ஒரு பயத்துல இருந்துச்சு. நவம்பர்ல மூணு பெரிய கார் கம்பெனித் தலைவர்களும் வாஷிங்டன்ல காங்கிரஸ் முன்னாடி உக்காந்து கடன் கேக்குறாங்க. எங்க ஃப்ளோர்ல வெள்ளிக்கிழமை ஆனா யாரோ ஒருத்தர் அட்டைப்பெட்டியில சாமான எடுத்து வைப்பார். ஹெச்1பில இருந்த எங்களுக்கு வேலை போனா ஊருக்கே மூட்டை கட்டணும். ஞாயித்துக்கிழமை ஆனா லயன்ஸ் தோக்கும். டிக்கெட் முழுசா விக்காததால சில மேட்ச லோக்கல் டிவில காட்டவே இல்ல, அப்போ அப்படி ஒரு ரூல் இருந்துச்சு.

டிசம்பர் 21 சொந்த ஊர்ல கடைசி மேட்ச், நியூ ஆர்லியன்ஸ் கூட. பெரியவரோட பையன் வரமாட்டேன்னுட்டான், அந்த சீட்ல என்னைக் கூட்டிட்டுப் போனார். ஃபோர்டு ஃபீல்டு கூரை போட்ட ஸ்டேடியம், உள்ள கதகதப்பா இருக்கும், வெளிய பனி. 42-7. நாலாவது குவார்டர்லயே எங்க வரிசை காலி. போலாமான்னு கேட்டேன். "எங்கப்பா ஒரு தடவ கூட பாதில எந்திரிச்சதில்ல"ன்னார். கடைசி வரைக்கும் உக்காந்திருந்தோம். அடுத்த வாரம் கிரீன் பேல 31-21, கணக்கு 0-16. 16 மேட்ச் சீசன்ல ஒண்ணு கூட ஜெயிக்காத மொத டீம்.

ஆனா ஒண்ணு சொல்லணும். அதே டீம்ல ஜேசன் ஹேன்சன்னு கிக்கர், அந்த வருஷம் 22 ஃபீல்ட் கோல் அடிச்சு 21 உள்ள போட்டார், 50 யார்டுக்கு மேல 8க்கு 8. கால்வின் ஜான்சன் 12 டச்டவுன் பிடிச்சார். டீம் தோக்கறதுன்னு தெரிஞ்சும் அவங்க வேலையில ஒரு குறை வைக்கல, அத யாரும் பேசறதே இல்லைங்கறதுதான் எனக்கு ஆதங்கம்.

~

அண்ணா, நான் அப்போ டெட்ராய்ட் பக்கத்துல ட்ராய்ல இருந்தேன், வீட்டுக்காரருக்கு நவம்பர்லதான் வேலை போச்சு. தாங்க்ஸ்கிவிங் அன்னிக்கு லயன்ஸ் மேட்ச் பாக்கறது அந்த ஊர்ல தீபாவளிக்கு எண்ணெய் தேச்சுக் குளிக்கற மாதிரி, 1930கள்லேர்ந்து வழக்கம். டென்னசிகிட்ட 47-10. ஹாஃப் டைம்லயே 35-10 ஆயிடுச்சு, பக்கத்து வீட்டம்மா டிவிய அணைச்சுட்டு எங்களுக்கு பம்ப்கின் பை கொண்டு வந்து குடுத்துட்டு ஒண்ணும் பேசாம உக்காந்திருந்தாங்க. ஆடினவங்கள யாரும் திட்டாதீங்க. டீமோட நிர்வாகத் தலைவர் மேட் மில்லன் பொறுப்புல இருந்தது 2001லேர்ந்து, 2003, 2004, 2005ன்னு மூணு வருஷமும் புது ஆட்டக்காரங்கள எடுக்கற ட்ராஃப்ட்ல மொத ரவுண்டுல வைட் ரிசீவரா (பாஸ் பிடிக்கறவர்) எடுத்தார், அவர் காலத்துல 31 ஜெயிச்சு 84 தோத்தாங்க. 2008 செப்டம்பர்ல அவர நீக்கறப்போ எல்லாம் கைமீறிப் போயிடுச்சு.

~

நான் கிளீவ்லாண்ட். எங்க பிரவுன்ஸ் 2016ல ஒரே ஒரு மேட்ச் ஜெயிச்சாங்க, 2017ல அதுவும் இல்ல, ரெண்டாவது 0-16 நாங்கதான். 2017 அக்டோபர்ல டென்னசி மேட்சுக்கு நான் ஸ்டேடியத்துல இருந்தேன், எங்க டீம் ஜோ தாமஸ் தன் கையப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்தார், ட்ரைசெப்ஸ் கிழிஞ்சிருக்கு. அதுவரைக்கும் 10,363 ஸ்னாப் (ஒவ்வொரு தடவ பந்து ஆட்டத்துக்கு வர்றதும் ஒரு ஸ்னாப்), 2007லேர்ந்து ஒண்ணு விடாம ஆடினவர், ப்ளேஆஃப் முகமே பாக்காதவர். மொத்தக் கூட்டமும் எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு, என் பக்கத்துல இருந்த பெரிய மனுஷன் அழுதுட்டார். 2023ல ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்தாங்க, எனக்கு அன்னிக்குத்தான் மனசு ஆறுச்சு.

சீசன் முடிஞ்சு ஜனவரி 6 அன்னிக்கு உடம்பே வெறைக்கற குளிர்ல ரசிகர்கள் ஸ்டேடியத்தச் சுத்தி வட்டமா ஊர்வலம் போனாங்க, வட்டம்னா பூஜ்யம். சவப்பெட்டியெல்லாம் செஞ்சு கொண்டு வந்தாங்க. எனக்கு அது பிடிக்கல, போகல, ஆனா அத வச்சு ஃபுட் பேங்க்குக்குப் பணம் சேத்துக் குடுத்தாங்க, அது நல்ல காரியம். 2018 செப்டம்பர் 20 ராத்திரி ஜெட்ஸ 21-17ல ஜெயிச்சோம், 635 நாள் கழிச்சு. ஜெயிச்சாத்தான் தொறக்கும்னு ஊர் பூரா பார்ல ஒரு பீர் கம்பெனி பூட்டி வச்சிருந்த ஃப்ரிட்ஜெல்லாம் ஒரே நேரத்துல தொறந்துச்சு. நான் குடிக்கறதில்ல, ஆனாலும் தெருவுல போய் நின்னு தெரியாதவங்களையெல்லாம் கட்டிப்பிடிச்சேன்.

~

எழுதின ரெண்டு பேருக்கும் நன்றி. என் கதைல மிச்சத்தையும் சொல்லிடறேன். 2009 ஜனவரில என் கான்ட்ராக்ட் முடிஞ்சு சென்னை வந்துட்டேன். 0-16க்காக ட்ராஃப்ட்ல கெடச்ச மொத பிக்ல குவார்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்ட எடுத்தாங்க, அப்பவும் மொத ரெண்டு மேட்ச் தோல்வி, 2007 டிசம்பர்லேர்ந்து சேத்தா தொடர்ச்சியா 19. செப்டம்பர் 27 வாஷிங்டன் மேட்ச். நம்ம நேரத்துக்கு நடுராத்திரி தாண்டி ரெண்டு மணி இருக்கும், பெரியவர்கிட்டேர்ந்து மெயில். ஆடினவங்க உள்ள போயிட்டு மறுபடி வெளிய வந்து ரசிகர்களோட நின்னாங்கன்னு ஒரு வரி. அதுக்கு மேல சப்ஜெக்ட்ல 19-14. கடைசில, இந்தத் தடவ பையனும் வந்திருந்தான்னு எழுதியிருந்தார்.